அழகுமலையின் மூன்று நட்சத்திரம்

அழகுமலை கட்டிய ஃபேனுக்குக் கீழே படுத்தால் மீசை ஒரு பக்கமாகத்தான் வளரும் என்று எங்கள் வீதியில் சொல்வார்கள். நான் அதற்கும் ஒரு படி மேலே போய்ச் சொல்வேன். எங்கள் வீட்டு ஹாலில் அது ஓட ஆரம்பித்த அன்றைக்கே சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டர் தைப்பொங்கலில் இருந்து ஆடி அமாவாசைக்குப் போய்விட்டது. இடையில் வந்த பண்டிகை எதையும் அந்த வருடம் நாங்கள் கொண்டாடவே இல்லை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இனிமேல் சொல்லப்போவது அப்படியே நடந்தது. அதில் உப்பு புளி சேர்க்க எனக்கே மனம் வரவில்லை.

அழகுமலைக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். மானாவாரி நிலம் ஏமாற்றிய ஒரு வருடத்தில் திருப்பூருக்கு பஸ் ஏறியவர். முதலில் பனியன் கம்பெனியில் பீஸ் மடித்துக் கொடுத்தார், பிறகு ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தார், அதற்கும் பிறகு சாம்பிள் டைலர் ஆனார். சாம்பிள் டைலர் என்றால் எங்கள் ஊரில் தனி மரியாதை. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு முதலில் ஒரே ஒரு பீஸ் தைத்து அனுப்ப வேண்டும். அவர் அதைத் தடவிப் பார்த்துச் சரி என்றால்தான் ஆர்டர். அந்த ஒரு பீஸைத் தைப்பதற்கென்றே ஒரு கை வேண்டும். துணியில் நல்ல துணி, நூலில் நல்ல நூல், அவசரம் கிடையாது, பக்கத்தில் நின்று கத்துகிற சூப்பர்வைசர் கிடையாது. பின்னால் கண்டெய்னர் கண்டெய்னராகப் போகிற பீஸெல்லாம் அந்த ஒன்றைப் போலவா இருக்கும்? கிட்டத்தட்ட இருக்கும். அந்தக் ‘கிட்டத்தட்ட’வுக்குத் திருப்பூரில் பல பெயர் உண்டு. டாலரன்ஸ் என்பது அதில் கௌரவமான பெயர்.

அழகுமலை தைத்த சாம்பிள் ஒன்றுகூடத் திரும்பி வந்தது கிடையாது. ஒரு ஜெர்மன்காரர் அவர் தைத்த பனியனைப் பார்த்துவிட்டு, கோட்டு வேண்டாம் என்று அதையே போட்டுக்கொண்டு கல்யாணத்தில் நின்றார் என்பது நான் கட்டிவிட்ட கதை. அழகுமலையின் காதுபடச் சொல்லியிருக்கிறேன். அவர் மறுத்ததே இல்லை.

வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் தெரியாமல் போன வயதில் தையலை விட்டார். தையல் ஹாலில் நின்றுபோகும் ஃபேன்களைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு முன்பே இருந்தது. மனைவி சின்னத்தாய்க்கு மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றத் தெரியும்; அவளுடைய அண்ணன் ஊரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தவர், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவளுக்கு அதுதான் வேலை. இருவருமாகச் சேர்ந்து எங்கள் வீதிக்குப் பின்னால் ஒரு தகர ஷெட்டை வாடகைக்குப் பிடித்து சீலிங் ஃபேன் கட்ட ஆரம்பித்தார்கள். பெயர் ‘தாய் ஃபேன்’. தன் பெயரில் பாதியை வைத்திருக்கிறார் என்று சின்னத்தாய் பெருமைப்பட்டாள். அவர் தன்னைப் பெற்றவளை நினைத்துத்தான் வைத்தார் என்பது வீதிக்கே தெரியும். அவளிடம் சொல்லிக் குடும்பத்தில் கலகம் செய்ய என்னாலேயே முடியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஃபேன் நன்றாகப் போயிற்று. வரிசையாகக் கட்டி வாடகைக்கு விடும் லைன் வீடுகளில் ஒரு ஜன்னல்கூட இருக்காது, கூரை தகரம், உள்ளே நான்கைந்து பேர். அங்கே காற்று என்றால் அடிக்க வேண்டும், தடவக் கூடாது. தாய் ஃபேன் அடித்தது. பீகாரில் இருந்தும் ஒடிசாவில் இருந்தும் வந்த பையன்கள் ஊருக்குப் போகும்போது பனியன் வேஸ்ட்டில் சுற்றி ரயிலில் ஆளுக்கொன்று கொண்டுபோனார்கள். மிச்சத்தைக் காதர்பேட்டையில் கடை வைத்திருந்த மோகன்ராஜ் எடுத்துக்கொண்டார்.

பிறகு சட்டம் வந்தது. இனிமேல் சீலிங் ஃபேன் என்றால் நட்சத்திர லேபிள் ஒட்டியிருக்க வேண்டும். எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு கரண்டு என்று சோதித்துப் பார்த்து ஒன்றிலிருந்து ஐந்து வரை நட்சத்திரம். ஒன்றுக்கும் கீழே இருப்பதைச் செய்யவும் கூடாது, விற்கவும் கூடாது. நாடு முழுவதற்கும் ஒரே அளவு. பெரிய கம்பெனிக்கும் அதுதான், தகர ஷெட்டுக்கும் அதுதான்.

சட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். தாய் ஃபேன் காற்றைக் கொடுத்த வேகத்திலேயே கரண்டைக் குடித்தது. லைன் வீட்டுக்காரர்களுக்குத் தனி மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஓனர் சொன்னதுதான் ரேட். காற்று வாங்கிய பையன்கள்தான் அதையும் கட்டினார்கள். வேண்டிய சட்டம்தான். அழகுமலைக்கும் அதில் கோபம் இல்லை. ஷெட் நிற்க வேண்டும் என்றால் லேபிள் வேண்டும், லேபிள் வேண்டும் என்றால் லேப் சோதனையில் பாஸ் ஆக வேண்டும் என்று அவருக்குப் புரிந்தது. அதைவிட, ஃபேன் அனுப்பிக் காட்ட வேண்டும் என்று கேட்டதுமே அவர் முகத்தில் ஒரு களை வந்ததைச் சின்னத்தாய் கவனித்திருக்கிறாள்.

சிறு பட்டறைகளுக்கு இந்தப் பதிவு வேலைகளையெல்லாம் முடித்துக் கொடுக்கிற ஜெயபாரதி என்ற பெண் அவிநாசியில் இருந்து ஸ்கூட்டரில் வந்தாள். எஞ்சினியரிங் படித்தவள், பொறுமைசாலி. தினமும் கட்டுகிற ஃபேனில் ஒன்றை எடுத்து அனுப்பச் சொன்னாள். செம்புக் கம்பியைக் கொஞ்சம் கனமாக்கி, றெக்கையின் வளைவை மாற்றினால் ஒரு நட்சத்திரத்தைத் தொட்டுவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டுச் சொன்னதைச் சின்னத்தாய் அப்படியே பிடித்துக்கொண்டாள்.

அழகுமலை காதில் வாங்கவில்லை. சாம்பிள் என்று ஒன்று கேட்டுவிட்டால் அவர் வேறு ஆள். கோயம்புத்தூருக்குப் போய், பெரிய கம்பெனிகளுக்கு மோட்டார் தகடு அடித்துக் கொடுக்கிற இடத்தில் கெஞ்சிக் கூத்தாடி உயர்ந்த ரகத் தகட்டில் ஒரு செட் வாங்கினார். அவருக்குத் தெரிந்ததிலேயே நல்ல பேரிங் போட்டார். றெக்கைகளை நகைக்கடைத் தராசில் வைத்து எடை பார்த்துத் தேய்த்தார். சின்னத்தாயை மூன்று முறை காயில் சுற்ற வைத்து இரண்டு முறை பிரிக்க வைத்தார். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“இது ஃபேனா, இல்ல பொண்ணு பாக்க வாறவகளுக்குக் காட்டுத பொண்ணா? தெனமும் கட்டுததையே அனுப்புங்க. ஒண்ணு போதும் நமக்கு.”

“சாம்பிளுக்குன்னு ஒரு மொறை இருக்குளா. கட்டுனதை அப்படியே தூக்கிக் குடுத்தா நம்மள மதிப்பானா?”

“மதிக்கச் சொல்லியா கேக்காக? அளந்து பாக்கணும்னுதான சொல்லுதாக.”

அவர் ஃபேனைப் பஞ்சு வைத்துப் பெட்டி கட்டி, தானே மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய் சோதனை லேபில் இறக்கிவிட்டு வந்தார். நடத்துநர் அதற்கும் ஒரு டிக்கெட் போட்டார் என்றும், ஜன்னலோர சீட்டை அதற்குத்தான் கொடுத்தார் என்றும் நான் வீதியில் சொன்னேன். சிரித்தார்கள். அப்போதெல்லாம் சிரிக்க முடிந்தது.

முடிவு வந்தது. மூன்று நட்சத்திரம்.

ஜெயபாரதிக்கே ஆச்சரியம். ஆனாலும் அவள் சொன்னாள், லேப் மூன்று என்று சொன்னாலும் நாம் ஒன்று என்றே பதிந்துகொள்ளலாம், குறைத்துச் சொல்வதை யாரும் தடுக்க மாட்டார்கள், பிறகு வருகிற ஃபேன்கள் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் ஒன்றுக்கும் கீழே போகாது என்று. நல்ல யோசனை. சின்னத்தாய் தலையை ஆட்டினாள்.

“ஏனுங்ண்ணா, மூணுன்னு ஒட்டீட்டா ஒவ்வொரு ஃபேனும் மூணா இருக்கோணும். அதை யோசிச்சுட்டுச் சொல்லுங்க” என்றாள் ஜெயபாரதி.

“பிள்ளை மூணாம் ரேங்க் வாங்கிருக்கான். நான் போயி ஊருக்குள்ள அவன் கடைசி ரேங்க்னு சொல்லட்டுமாம்மா?”

“ரேங்க் இல்லீங்ண்ணா இது.”

“எனக்கு அப்படித்தான்.”

மூன்று என்றே பதிந்தாயிற்று.

லேபிள் ஒட்டிய முதல் ஃபேனை அவர் வீதி முழுக்கக் கொண்டுவந்து காட்டினார். பெரிய கம்பெனி ஃபேனில் இருக்கிற அதே லேபிள், அதே மூன்று நட்சத்திரம், கீழே தாய் ஃபேன் என்று பெயர். காதர்பேட்டை மோகன்ராஜ் போனிலேயே ஆர்டர் கொடுத்தார். மூன்று நட்சத்திரத்துக்குப் பெரிய கம்பெனி சொல்லும் விலையில் தாய் ஃபேன் பாதிதான், கடையில் நிற்கவே இல்லை. அந்தக் கோடை முழுக்க ஷெட்டில் வைண்டிங் மெஷின் ஓய்ந்த சத்தம் நான் கேட்கவில்லை.

இப்போது தப்பைச் சொல்கிறேன். அதைத் தப்பு என்று திருப்பூரில் எத்தனை பேர் ஒத்துக்கொள்வார்கள் என்பது எனக்குச் சந்தேகம்தான். கோயம்புத்தூரில் அந்த உயர்ந்த ரகத் தகடு ஒரு செட் கிடைத்ததே கெஞ்சித்தான். தொடர்ந்து வேண்டும் என்றபோது, ரோல் ரோலாக முன்பதிவு செய்கிற கம்பெனிகளுக்குத்தான் என்று கையை விரித்துவிட்டார்கள். கனமான கம்பியும் அந்த பேரிங்கும் போட்டால் பாதி விலையில் கொடுக்க முடியாது. அதனால் பழைய தகடு, பழைய கம்பி, பழைய பேரிங். லேபிள் மட்டும் புதிது. அவர் யாரையும் ஏமாற்றுவதாக நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை. சாம்பிள் என்பது நம்முடைய கை எவ்வளவு தூரம் போகும் என்று காட்டுவது. புரொடக்ஷன் என்பது வேறு. இதைப் பையரும் அறிவார், ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசரும் அறிவார், செக்கிங்கில் நிற்கிற பெண்ணும் அறிவாள். ஊரே அப்படித்தான் ஓடியது, அவரும் அப்படியே ஓடினார்.

கம்பியைச் சுற்றுகிறவள் சின்னத்தாய். விரலுக்குத் தெரியாதா? கம்பி மெலிசாக இருக்கிறதே என்று ஒரு நாள் கேட்டாள். புரொடக்ஷனில் அப்படித்தான் என்றார். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அவளுக்கும் அந்தக் கோடை பிடித்திருந்தது.

மழைக்காலம் தொடங்கியபோது மோகன்ராஜ் ஷெட்டுக்கே வந்தார். போனில் பேசுகிற மனிதர் நேரில் வந்தால் நல்ல சேதியாக இருக்காது. சில வாரங்களுக்கு முன்னால் கடைக்கு ஒருவர் வந்து, விலைகூடப் பேசாமல், தாய் ஃபேன் ஒன்றைப் பெட்டி பிரிக்காமல் வாங்கிப் பில் போட்டுக்கொண்டு போனாராம். அவர் வீட்டுக்கு வாங்கவில்லை, அரசாங்கத்துச் சோதனைக்கு வாங்கியிருக்கிறார். ஃபேன் தோற்றுவிட்டது. மூன்று நட்சத்திரத்துக்கு மட்டுமல்ல, ஒன்றுக்கே தேறவில்லை.

அழகுமலை பதறவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாதது. மோகன்ராஜுக்கு டீ வாங்கிக் கொடுத்து, ஏதோ மோசமான பீஸ் போயிருக்கும், இன்னொரு வாய்ப்பு தருவார்கள் என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார். வாய்ப்பு இருக்கத்தான் செய்தது. இரண்டாவது தடவையும் சோதிப்பார்கள் என்று ஜெயபாரதி சொல்லியிருந்தாள். அவ்வளவுதான், மனிதர் மறுபடியும் கோயம்புத்தூருக்குப் போனார். மறுபடியும் தகட்டுக்குக் கெஞ்சினார், மறுபடியும் நகைக்கடைத் தராசு. இந்த முறை சின்னத்தாய் ஒரே தடவையில் சுற்றினாள், பிரிக்க இடமே வைக்கவில்லை. அப்படி ஒரு ஃபேனை அந்த ஷெட் அதற்கு முன்னும் கட்டியதில்லை, பின்னும் கட்டப்போவதில்லை. ஓடும்போது சத்தம் கேட்க வேண்டுமானால் நாம் மூச்சை நிறுத்த வேண்டும்.

அதைப் பெட்டி கட்டி, ஜெயபாரதியையும் கூட்டிக்கொண்டு லேபிள் விஷயத்தைப் பார்க்கிற அதிகாரியிடம் போனார். அதிகாரி நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார். பெட்டியை மட்டும் திறக்கவே இல்லை.

“நீங்க கொண்டு வர்றதை நாங்க டெஸ்ட் பண்ண மாட்டோம். கடையில நாங்கதான் எடுப்போம்” என்றார்.

“சார், கடையில இருக்கது புரொடக்ஷன். இது சாம்பிள் சார். இதைப் பாருங்க.”

“ஜனங்க எதை வாங்கறாங்க?”

அந்தக் கேள்வியை அழகுமலையிடம் யாரும் இதற்கு முன்னால் கேட்டதில்லை. பையர் கேட்டதில்லை, முதலாளி கேட்டதில்லை. வாழ்நாள் முழுக்க அவர் கையில் இருந்த ஒரு பீஸைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். பெட்டியின் கயிற்றை அவிழ்த்து, மறுபடியும் கட்டிக்கொண்டிருந்தாராம். ஜெயபாரதி அவரைக் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டி வந்தாள்.

இரண்டாவது தடவை கடையில் எடுத்த ஃபேன்களும் அதே ஷெட்டில், அதே மெலிந்த கம்பியில் கட்டியவைதானே. தோற்றன. லேபிள் ரத்தானது. கடைகளில் இருப்பதைத் திரும்ப எடுக்க வேண்டும், ஷெட்டில் இருப்பதை வெளியே விடக் கூடாது. மோகன்ராஜ் டெம்போவில் ஏற்றி அனுப்பினார். வெளியூர்க் கடைகளில் இருந்தும் வந்தன. ஷெட்டுக்குள் நடக்க வழியில்லாமல் பெட்டிகள் கூரை வரை நின்றன. ஒன்று என்று பதிந்துகொண்டு, கனமான கம்பியும் மாற்றின றெக்கையுமாகக் கட்டியிருந்தால் ஷெட் தப்பியிருக்குமா? தப்பியிருக்கலாம். அப்படியே தப்பியிருந்தாலும், பெரிய கம்பெனிகளின் ஒரு நட்சத்திர ஃபேன் அந்த வருடமே இவர் விலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஒரு வருடம் கூடுதலாகத் தள்ளியிருப்பார்கள். அவ்வளவுதான் என் கணக்குக்கு வருகிறது.

சின்னத்தாய் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் எதிர்பார்த்தேன். அவள் நாக்குக்கு எங்கள் வீதியில் கதவடைக்காத வீடு கிடையாது. பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள், அவ்வளவுதான்.

அப்புறம் மோகன்ராஜிடமிருந்து ஒரு யோசனை வந்தது. லேபிளையும் பெயரையும் எடுத்துவிட்டு, பெட்டி இல்லாமல், பழைய சாமான் என்று சொல்லி வடக்கே லாரியில் ஏற்றிவிடலாம். அங்கே கிராமங்களில் யாரும் கேட்க மாட்டார்கள். தப்பு என்று மோகன்ராஜுக்கும் தெரியும், அதனால்தான் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அழகுமலை முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பெயர் இல்லாமல் ஃபேனை அனுப்புவதற்கு அவருக்கு வாய் வரவில்லை. சின்னத்தாய் கீரையை வைத்துவிட்டு வந்தாள்.

“பேர வச்சி என்ன செய்யப் போறீக? வாடகை குடுக்கணும். உரிங்க.”

உரித்தார். மண்ணெண்ணெயில் துணியை நனைத்து, லேபிளின் ஒரு ஓரத்தை நகத்தால் கிளப்பி, கிழியாமல் இழுத்து. அதிலும் அவருக்கு ஒரு நேர்த்தி. பிசின்கூட நிற்கக் கூடாது. பிறகு தாய் ஃபேன் என்ற பெயரையும் தேய்த்தார். இருவரும் மாற்றி மாற்றி உட்கார்ந்து தேய்த்தார்கள். நட்சத்திரங்கள் பக்கெட்டில் மிதந்தன. எல்லாம் முடிந்து, ஃபேன்கள் ஊர் பெயர் இல்லாமல் வரிசையாக நின்றபோது மோகன்ராஜ் போனில் வரவில்லை. ஆள் அனுப்பிச் சொன்னார். காதர்பேட்டையில் இரண்டு கோடவுனில் அதிகாரிகள் புகுந்து சோதனை போட்டிருக்கிறார்கள், அவர் இனிமேல் ஷெட் பக்கமே வர மாட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவருக்கும் கடை இருக்கிறது.

லேபிள் இருந்தவரை அதிகாரிகள் ‘தோற்ற ஃபேன்’ என்றாவது சொல்லியிருப்பார்கள். உரித்த பிறகு அது எதுவும் இல்லை. பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர்தான் வந்து பார்த்தார். முழு ஃபேனாக எடுக்கப் பயந்தார். ஓடுகிற ஃபேனை வாங்கினால் அவரும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். உடைத்து, செம்பு தனியாக, அலுமினியம் தனியாக, தகடு தனியாகக் கொடுத்தால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

உடைத்தார்கள். சின்னத்தாய் மோட்டாரைப் பிரித்து, தான் சுற்றிய காயிலைத் தானே ஹேக்ஸா பிளேடால் அறுத்தாள். சுற்றும்போது எந்தப் பக்கம் கை போகுமோ அதற்கு எதிர்ப் பக்கமாக இழுத்தால் கம்பி சீக்கிரம் வருகிறது என்று என்னிடம் சொன்னாள், ஏதோ சமையல் குறிப்பு சொல்வது போல. அழகுமலை றெக்கைகளை முழங்காலில் வைத்து மடக்கினார். அப்படியே விட்டால் யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அதிகாரி திறக்காத பெட்டியில் இருந்ததையும் சேர்த்து ஒன்றையும் விடவில்லை, எல்லாவற்றையும் நடுவில் மடக்கினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஷெட் வாசலில் இருந்தேன். பக்கத்து லைன் வீட்டில் இருக்கும் பீகார்ப் பையன் ஒருவன் வந்தான். முன்பு ஃபேன் வாங்கி ஊருக்குக் கொண்டுபோனவர்களில் அவனும் ஒருவன். அவன் ஊரில் தங்கைக்குக் கல்யாணம், சாயங்கால ரயில், ஒரு ஃபேன் வேண்டும் என்று அரைத் தமிழில் சொன்னான். எல்லோரும் ஸ்டார் ஃபேன் வாங்குங்கள் என்கிறார்கள், தன் அம்மாவுக்கு அழகுமலை அண்ணன் கட்டிய ஃபேன்தான் பிடிக்கும், அதன் காற்றில்தான் தூங்குகிறாள் என்றான்.

சட்டம், லேபிள் எதையும் அழகுமலை அவனிடம் சொல்லவில்லை. எழுந்து குவியலுக்குள் தேடினார். அடியில் முழுசாக ஒன்றாவது தப்பியிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. ஓரமாக ஒரு மோட்டார் இன்னும் அறுக்காமல் கிடந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். றெக்கைக்குத் தேடினார். எல்லாம் அவர் கையாலேயே மடங்கியவை. ஒன்றை எடுத்து முழங்காலில் வைத்து நிமிர்த்தப் பார்த்தார். அலுமினியம் ஒரு முறை மடங்கினால் மடங்கிய கோடு போகாது. மாட்டினால் ஃபேன் ஆடிக்கொண்டே ஓடும். அது அவருக்குத் தெரியாததல்ல. சுத்தியல் எடுத்துத் தட்டினார். கண்ணருகே வைத்துப் பார்த்தார். மறுபடியும் தட்டினார்.

“விட்டுருங்க. அது வராது” என்றாள் சின்னத்தாய்.

அவர் அடுத்த றெக்கையை எடுத்தார். அந்தப் பையன் கொஞ்ச நேரம் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ரயிலுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டுப் போனான். சின்னத்தாய் எட்டி அவர் மடியில் இருந்த மோட்டாரை எடுத்து, பிளேடை வைத்தாள்.